இருவேறு கலப்பை



மேலூர்ப் பக்கம் வயற்காட்டில் நிற்கும் பெரியவர் ஒருவரிடம், 'கலப்பை எங்கே?' என்று கேட்டால், அவர் கை தொழுவத்தை நோக்கி நீளும். இன்று அது பெரும்பாலும் டிராக்டரின் பின்னே மாட்டப்படும் இரும்புக் கலப்பையாக இருக்கும். எருதுகள் குறைந்தன, சொல் குறையவில்லை. இதே கேள்வியைச் சங்ககாலத்துக் கூத்தர் ஒருவரிடம் கேட்டிருந்தால், அவர் தம் தோளில் தொங்கிய மூட்டையைத் தட்டிக் காட்டியிருப்பார். கலம் என்பது இசைக்கருவி. கலங்களை இட்டுக் கட்டிய பை கலப்பை. ஒன்று நிலத்தில் ஊன்றி வாழ்பவனின் கருவி. மற்றொன்று ஊர்விட்டு ஊர் பெயர்வதையே வாழ்வாகக் கொண்டவனின் முழு உடைமை. இரண்டுக்கும் ஒரே ஒலி.

வீட்டை விட்டு வெளியேறி, பயணத்தையே நிலையான வாழ்வாக மேற்கொண்டவர்கள் புறப்படும் முன் என்ன ஆயத்தம் செய்தார்கள் என்பதே இவ்வுரையின் பொருள். யாத்திரை போய் மீள்பவர்களும் வணிகத்துக்குப் போய் மீள்பவர்களும் இதில் அடங்கார். மீளுவதற்கு வீடு வைத்திராதவர்களும், வீடு இருந்தும் அதில் தங்க முடியாதவர்களுமே இங்குக் கருதப்படுகின்றனர். இப்பொருளுக்கு மதுரையையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் விடப் பொருத்தமான களம் தமிழகத்தில் அரிது.

பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். அவற்றுள் மலைபடுகடாம் கூத்தரை ஆற்றுப்படுத்துவது. 583 அடிகள் கொண்ட அப்பாட்டின் தொடக்கமே மூட்டை கட்டும் காட்சிதான். முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, யானையின் மூச்சைப் போல ஒலிக்கும் நெடிய தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று கருவிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. இத்தனையையும் பையில் இட்டு, காவுதடியின் இரு பக்கமும் எடை ஒத்திருக்குமாறு பகிர்ந்து கட்டுகிறார்கள். அப்பைகள் தொங்கும் தோற்றத்தைப் பலாமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய் தொங்கும் தோற்றத்துக்கு ஒப்பிடுகிறார் புலவர்.

அந்த எடைச் சமன்பாடு சற்று நின்று நோக்கத்தக்கது. மூட்டை தூக்கி நடந்து பழகாதவருக்கு அது தோன்றாது. ஒரு பக்கம் ஒரு சேர் கூடினாலும் தோள் ஒரு காதத்தில் சொல்லிவிடும். புலவர் அரண்மனை மாடத்திலிருந்து இதைக் கண்டு பாடியவர் அல்லர் என்று கொள்வதே பொருத்தம். அவர் பெயரோடு அவர் ஊரும் வழங்குகிறது: இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். இரணியமுட்டம் என்பது மதுரைக்கு அருகே அழகர்மலையை உள்ளிட்ட நாட்டுப் பகுதி. அப்பகுதியிலிருந்து வந்த ஒருவர், வடக்கே நெடுந்தொலைவில் இருந்த செங்கண்மாவின் நன்னனை நோக்கிக் கூத்தரை வழிப்படுத்துகிறார்.

அதே அழகர்மலையில், கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகைத்தளத்தில், நடையையே வாழ்வாகக் கொண்ட வேறொரு கூட்டத்தாரின் தடமும் இருக்கிறது. சமண முனிவர்கள் மழைக்காலம் நீங்கலாக ஓரிடத்தில் நிலைத்துத் தங்கலாகாது என்பது அவர்கள் ஒழுக்கம். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, கொங்கர்புளியங்குளம், முத்துப்பட்டி, திருப்பரங்குன்றம் என்று மதுரையைச் சுற்றிய குன்றுகளில் வெட்டப்பட்ட கற்படுக்கைகள் அந்த நடையின் இடைநிறுத்தங்கள். அழகர்மலைக் குகையில் கொடையாளர் பெயர்கள் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளன. மதுரைப் பொற்கொல்லர் ஒருவர், உப்பு வணிகர் ஒருவர், அவர்களோடு கொழு வணிகர் ஒருவர். கொழு என்பது கலப்பையின் இரும்பு முனை. உழவர்க்குக் கொழு விற்றுப் பெற்ற பொருளில் ஒரு பங்கு, நிலமும் வீடும் துறந்து நடந்தவர்கள் தலைசாய்க்கும் கல்லுக்குச் சென்றிருக்கிறது. உழுபவனும் நடப்பவனும் ஒருவரையொருவர் அறியாத இரு உலகத்தார் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அம்முனிவர்களின் ஆயத்தம் எளிது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் மதுரைக்குப் புறப்படும்போது எடுத்துக்கொள்பவை மூன்று: ஐயக்கலம், தோளில் ஓர் உறி, கையில் மயிற்பீலி. அவருடன் நடந்த இருவரோ சிலம்பை நம்பிப் புறப்பட்டவர்கள். அந்த ஒரு பொருளே அவர்களை என்ன செய்தது என்பதை மதுரையில் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, கூத்தரும் பாணரும் வீட்டை விட்டது ஏன்? கலை வேட்கை என்றும், வள்ளல்களின் புகழ் ஈர்த்தது என்றும் விழா மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. சிறுபாணாற்றுப்படை அப்படிச் சொல்லவில்லை. நல்லூர் நத்தத்தனார் காட்டும் பாணன் வீட்டு அடுக்களையில் அண்மையில் ஈன்ற நாய் ஒன்று கிடக்கிறது. கண் திறவாத அதன் குட்டிகள் பாலின்றி வறண்ட மடியைப் பற்ற, அது தாங்காமல் குரைக்கிறது. கூரை சிதைந்திருக்கிறது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அதைச் சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்ணும்போது, பிறர் காணாதபடி கதவை அடைக்கிறாள்.

அடைத்த அந்தக் கதவுதான் ஆற்றுப்படை இலக்கியத்தின் வாயில் எனலாம். பயணத்தின் முதல் ஆயத்தம் பசி. அதைப் பாடிய புலவர் ஒளிக்கவில்லை. படித்தவர்களே பிற்காலத்தில் நாகரிகம் கருதி மெல்ல ஒதுக்கிவைத்தனர்.

ஆனால் புறப்பட்டபின் அவர்கள் வெறுங்கையர் அல்லர். மலைபடுகடாத்தில் முன்சென்று மீண்ட கூத்தன், இனிச் செல்லும் கூத்தனுக்குச் சொல்லும் வழிச்செய்திகள் வியப்பளிப்பவை. பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும் இடம், பாம்பு ஒடுங்கும் குழிகள், தினைப்புனத்தார் யானையை விரட்டக் கவணில் எறியும் கல் மரங்களிடையே பாய்ந்து வரும் என்ற எச்சரிக்கை, வழுக்கும் பாறையில் கொடியைப் பற்றிக்கொள்ளுதல், இருட்டினால் குகையில் தங்குதல் என்று அவை நீள்கின்றன. வழி பிரியும் இடத்தில் புல்லை முடிந்து வையுங்கள் என்றும் ஒரு சொல் வருகிறது. பின்னால் வருகிறவர் வழி தவறாமல் இருப்பதற்காக. கால் கடுத்து, பசித்து நடப்பவன், தான் அறியாத எவனோ ஒருவனுக்காகக் குனிந்து புல் முடிகிறான். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே அப்படி முடியப்பட்ட ஒரு புல்தான்.

பாவலர்கள் நிறைந்த அவையில் ஔவையாரை விட்டுச் செல்வது முறையாகாது. புறநானூற்றின் 206ஆம் பாட்டு மூட்டை கட்டும் பாட்டு. அதியமான் நெடுமானஞ்சி பரிசில் தரக் காலம் தாழ்த்துகிறான். ஔவையார் வாயிலோனை விளித்துத் தம் கலங்களைக் காவிக்கொண்டதையும் கலப்பையைக் கட்டிவிட்டதையும் அறிவித்து, கைத்தொழில் வல்ல தச்சனின் மக்களுக்குக் காடு எப்படியோ அப்படியே தமக்கு உலகம் என்கிறார். வறுமையால் கட்டப்பட்ட அதே பை இங்கு மானத்தால் கட்டப்படுகிறது. எதை எடுத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் கிளம்ப முடியுமோ, அதுமட்டுமே தம் உடைமை என்று வைத்திருந்ததால்தான் அவரால் ஓர் அரசனின் வாயிலில் அப்படிப் பேச முடிந்தது. பின்னர் அவ்விருவரிடையே நட்பு வளர்ந்ததையும், அவன் இறந்தபின் அவர் பாடிய கையறுநிலையையும் யாவரும் அறிவர். அந்நட்பின் அடியில் கட்டிய மூட்டை ஒன்று எப்போதும் இருந்தது என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும்.

கிழக்கே ஜப்பானில் கவிஞர் பாஷோ 1689இல் வடநாட்டு நெடும்பயணத்துக்கு ஆயத்தமானபோது தம் குடிலைப் பிறருக்குக் கொடுத்துவிட்டார். கால்சட்டையின் கிழிசலைத் தைத்தார். தொப்பிக்குப் புது நாடா கட்டினார். காலுக்கு வலுவூட்ட மூலிகைச் சூடு போட்டுக்கொண்டார். வெறும் உடம்போடு போக எண்ணியவருக்கு, நண்பர்கள் அன்பாகக் கொடுத்த பிரிவுப் பரிசுகள் தட்ட முடியாத சுமையாகிவிட்டன. அவரும் எழுதி வைத்திருக்கிறார். காவுதடியின் எடையைக் கணக்கிட்ட இரணியமுட்டத்தார் அவரைக் கண்டிருந்தால் தோள் உளைச்சலைப் பற்றி இருவரும் நெடுநேரம் பேசியிருப்பார்கள். பாஷோ 1694இல் ஒசாகாவில், மற்றொரு பயணத்தின் நடுவில் உயிர் நீத்தார்.

பாணர் மரபு மங்கிப் பல நூற்றாண்டுகள் கழித்து, அதே மூட்டை மதுரையில் மீண்டும் கட்டப்பட்டது. இம்முறை அதன் பெயர் நாடகக் கம்பெனியின் பெட்டி.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றவர். உப்புத் தொழிலில் கணக்கர் வேலை பார்த்தார். ஏறத்தாழ 24ஆம் வயதில் அந்த மேசையையும் மாதச் சம்பளத்தையும் விட்டு நாடகத்துக்கு வந்தார். அக்காலத்தில் கணக்கர் வேலையை உதறிக் கூத்தாடப் போவது குடும்பத்துக்கு எத்தகைய அடியாக இருந்திருக்கும் என்பதைக் கற்பனை செய்துகொள்ளலாம். இடையில் நடிப்பைத் துறந்து காவியுடுத்துத் தலங்கள்தோறும் அலைந்தார். 'சுவாமிகள்' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பின்பு புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் அரவணைப்பில் கலைக்கே திரும்பினார்.

அத்திரும்பல் பொருள் பொதிந்தது. மதுரையிலிருந்து வீட்டை விட்டுப் போன மற்றொருவரை இங்கு ஒப்பு நோக்கலாம். 1896 ஆகஸ்டு 29 அன்று சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டிலிருந்து வேங்கடராமன் என்ற 16 வயது மாணவர் புறப்பட்டார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான 5 ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு குறிப்புடன் வைத்துவிட்டு, பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்து வழி கணித்துப் போனார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை அடைந்தவர், ரமணர் எனப் பெயர் பெற்று, 1950இல் மறையும்வரை அம்மலையை விட்டு நீங்கவில்லை. அவருக்கு ஆயத்தம் வாழ்நாளில் ஒருமுறை. கலைஞனுக்கோ அது ஒவ்வொரு மாலையும். ஒருமுறை துறப்பது கடினம் என்பர். நாள்தோறும் கட்டி நாள்தோறும் அவிழ்ப்பது அதனினும் கடினமா என்று இரண்டையும் செய்து பார்த்த சுவாமிகளே சொல்லத் தகுதியுடையவர்.

1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபைக்கு அவர் ஆசிரியரானார். அங்குதான் நாடகக் கலைஞர் கண்ணுசாமிப் பிள்ளையின் மக்கள் சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோர் சேர்ந்தனர். சண்முகத்துக்கு அப்போது வயது 6. பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்ற அவர்கள் தம் தந்தையோடு வந்ததால், ஒருவகையில் வீடே அவர்களோடு பயணம் புறப்பட்டது. எல்லாச் சிறுவர்க்கும் அப்பேறு வாய்க்கவில்லை. பிற்காலத்துத் திரையுலகத் தலைவர் எம்.ஜி.ஆர்., தமையன் சக்ரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டதற்கு வீட்டின் வறுமையே காரணம். தந்தையை இழந்த இரு பிள்ளைகளுக்குக் கம்பெனியில் மூன்று வேளைச் சோறு கிடைக்கும் என்பதே தாயின் கணக்கு. உப்பில்லாக் கீரையை மறைத்துக் கதவடைத்த பாணினியின் கணக்கும் அதுவே. சிவாஜி கணேசனோ சிறுவயதில் நாடகத்தில் சேர்வதற்காகத் தமக்குப் பெற்றோர் இல்லை என்று சொல்லிச் சேர்ந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். எத்தனையோ ஆயத்தங்களில் இதுவும் ஒன்று: உயிரோடிருக்கும் தாய்தந்தையரை ஒரு வாக்கியத்தில் விட்டுவிடுதல்.

கம்பெனி வீட்டில் சிறுவர்களுக்கு எழுந்திருக்கவும் பாடம் கேட்கவும் உறங்கவும் மணி உண்டு. ஓரூரில் வசூல் குறைந்தால் கொட்டகை பிரிக்கப்படும், திரைச்சீலைகள் சுருட்டப்படும், பெட்டிகள் இரயிலேறும். அடுத்த ஊரில் எல்லாம் மீண்டும் விரிக்கப்படும். இதற்கிடையே ஒவ்வொரு சிறுவனும் அஞ்சிய ஒன்று இருந்தது. அதற்குக் கம்பெனி வழக்கில் மகரக்கட்டு என்று பெயர். வளரும் வயதில் குரல் உடைந்துபோவது. பாட்டே நாடகமாக இருந்த காலத்தில் குரல் போனவனுக்கு வேடம் இல்லை. சின்னஞ்சிறு வயதில் வீட்டை விட்டவன், பதினான்கு பதினைந்து வயதில் திரும்பிப் போக நேர்ந்தால், அவன் விட்டுப்போன வீடு அங்கே இருக்குமா? மேடையில் நிலைபெற்றவர்கள் வரலாறு எழுதினார்கள். குரல் உடைந்து திரும்பியவர்களுக்கு ஆற்றுப்படை பாட ஆளில்லை. தமிழ் நாடக வரலாறு எழுதப்படும்போதெல்லாம் இப்பகுதி ஒரு பத்தியில் கடந்து செல்லப்படுவது வருந்தத்தக்கது.

சுவாமிகளுக்கே குரல் போயிற்று. 1921இல் பக்கவாதம் தாக்கிப் பேச்சிழந்தார். கையும் காலும் வாயும் ஒத்துழையாத நிலையிலும் சபையோடு ஊர் ஊராகச் சென்றார். 1922 நவம்பர் 13 அன்று, சபை புதுச்சேரியில் இருந்தபோது அங்கேயே மறைந்தார். பிறந்த ஊரும் மதுரையும் வெகு தொலைவில் இருந்தன. அவர் மடியில் பாடம் கேட்ட சண்முகம் பின்னாளில், 1940களில், ஔவையாராக வேடமேற்று அவ்வை சண்முகம் என்றே அழைக்கப்பட்டார். ஆறு வயதில் வழிநடை வாழ்வில் இறங்கியவர், தமிழில் வழிநடந்த மூதாட்டியாக மாறியதைத் தற்செயல் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. மேடை காட்டியது பல காலத்து ஔவையரையும் ஒன்றாக்கிய ஔவையை என்பது உண்மை, ஆராய்ச்சியாளர் பொறுத்தருள்க.

சுவாமிகள் மறைந்த மறு ஆண்டு, 1923இல், மதுரையில் நாடகக் கலைஞர்களுக்கென ஒரு சங்கம் உருவாயிற்று. கம்பெனிகள் கலைந்தபின் எஞ்சிய வடிவமான ஸ்பெஷல் நாடகத்துக்கு மதுரையே தலைநகராயிற்று. இதில் கம்பெனி இல்லை, பொதுப் பெட்டி இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு என்று ஒவ்வொருவரும் தனித்தனியே முன்பணம் பெற்று, தனித்தனியே பேருந்தேறி, அன்றிரவு மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பர். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணமோ பவளக்கொடியோ, சுவாமிகள் கட்டிக்கொடுத்த பாடம் எல்லார் நெஞ்சிலும் இருப்பதால் விடியவிடிய நாடகம் நடக்கும். காவுதடியில் ஏறாத அந்தச் சரக்குதான் அவர்களுடைய உண்மையான கலப்பை.

அவர்களின் பயணக் காலத்தை வகுப்பது உழவே. அறுவடை முடிந்து, கையில் காசு புரண்டு, பங்குனி, சித்திரை, வைகாசியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் வரும்போது நாள் ஒழியாது. மழை பொய்த்த ஆண்டில் ஊர் திருவிழாவைச் சுருக்கும், நாடகம் நின்றுபோகும். வைகை வறண்டால் ராஜபார்ட்டின் முடி பெட்டியிலேயே கிடக்கும். கொழு வணிகரின் கொடை இன்றும் இவ்விதம் தொடர்கிறது.

மாலை நான்கு மணிக்கு ஒரு ஸ்திரீபார்ட் கலைஞர் வீட்டில் பெட்டி கட்டும் முறையைக் கண்டவர்கள் அறிவார்கள். புடவைகள் அடியில், சவுரியும் நகைகளும் துணியில் சுற்றி நடுவில், அரிதாரமும் கண்ணாடியும் கைக்கு எட்டும்படி மேலே. பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு இரவுச் சாப்பாடு மூடி வைக்கப்படும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி போகும். எந்த ஊர் என்று பிள்ளை கேட்கும். சொல்லப்படும் ஊர்ப்பெயர் அதற்கு நினைவில் நில்லாது. தெருமுனையில் நிற்பவர்களின் பார்வையைக் கடந்துதான் பேருந்து நிறுத்தம். பெண் இரவில் பெட்டியோடு போவதற்கு ஊர் வைத்திருக்கும் பொருள் ஒன்று. அவள் வைத்திருக்கும் பொருள் வேறு. விறலியருக்கும் இப்பார்வை தெரிந்திருக்கும்.

விடிகாலையில் மங்களம் பாடி, முகத்தை எண்ணெயிட்டுத் துடைத்து, முதல் பேருந்தில் அவர் மதுரை திரும்பும்போது பெட்டியின் அடியில் எங்கோ ஓர் ஊரின் புழுதி ஒட்டியிருக்கும். பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் நேரம். பெட்டி திறக்கப்படாமலே மூலையில் வைக்கப்படும். மறுநாள் தேதி நத்தம் பக்கம்.